கணவருக்கு 68, மனைவிக்கு 58: பென்சன் கிரெடிட் ஏன் மறுக்கப்படுகிறது? (பிரிட்டன், வயது வித்தியாசத் தம்பதிகள்)

நொச்சிவேலி (#1)

ஒரே கேள்விக்கு மூன்று இடத்தில் மூன்று பதில் வருவதால் இங்கே போடுகிறேன். கணவருக்கு 68, மனைவிக்கு 58. இங்கிலாந்தில் சொந்த வீடு, மோர்ட்கேஜ் முடிந்துவிட்டது. கணவருக்கு 20 வருட நேஷனல் இன்ஷூரன்ஸ் (ஸ்டேட் பென்சனுக்கான பங்களிப்பு) பதிவுதான் இருக்கிறது, அதனால் ஸ்டேட் பென்சன் வாரம் 131.57 பவுண். சேமிப்பு 4,000. மனைவிக்கு வேலையோ வேறு வருமானமோ இல்லை. பென்சன் கிரெடிட் (குறைந்த வருமானமுள்ள ஓய்வூதிய வயதினருக்கான அரசு உதவி) கேட்டால், "நீங்கள் மிக்ஸ்டு ஏஜ் கப்பிள் (ஒருவர் ஓய்வூதிய வயதுக்கு மேல், மற்றவர் கீழ்), யூனிவர்சல் கிரெடிட் போடுங்கள்" என்று திருப்பிவிடுகிறார்கள். கணவர் ஓய்வூதிய வயதான 66ஐத் தாண்டிவிட்டாரே, எப்படி மறுக்கலாம்?

கணக்குப்பிள்ளை (#2)

மறுத்தது சரிதான். 2019 மே 15க்கு முன்பு இருவரில் மூத்தவர் ஓய்வூதிய வயதைத் தொட்டாலே போதும், இருவருக்கும் சேர்த்துப் பென்சன் கிரெடிட் கிடைக்கும். அந்தத் தேதியிலிருந்து இளையவரும் அந்த வயதைத் தொட்டால்தான் புது விண்ணப்பம் ஏற்பார்கள். அதுவரை இருவருமே குறைந்த வருமானமுள்ள, வேலை செய்யும் வயதினருக்கான யூனிவர்சல் கிரெடிட்டுக்குள்தான். சட்டம் 2012 வெல்ஃபேர் ரிஃபார்ம் சட்டத்திலேயே எழுதப்பட்டது. ஏழு வருடம் தூங்கிவிட்டு 2019 ஜனவரி 14 அன்று தேதியை அறிவித்தார்கள்.

2025-26 விகிதத்தில் கணக்கு:

பென்சன் கிரெடிட்டில் தம்பதிக்கு உறுதிசெய்த குறைந்தபட்சம் வாரம் 346.60. 131.57ஐக் கழித்தால் வாரம் 215.03 வந்திருக்கும்.

யூனிவர்சல் கிரெடிட்டில் தம்பதிக்கு அடிப்படைத் தொகை மாதம் 628.10. ஸ்டேட் பென்சனை 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்து மாதக் கணக்காக்கி, பவுணுக்குப் பவுண் கழிப்பார்கள். 131.57 என்பது மாதம் 570.14. மிச்சம் 57.96.

வாரம் 215 எங்கே, மாதம் 58 எங்கே. அதுவும் இவருக்குப் பென்சன் குறைவு என்பதால்தான் அந்த 58. முழு புதிய ஸ்டேட் பென்சன் 230.25 வாங்குபவருக்கு மாதக் கணக்கு 997.75 ஆகிவிடும். வாடகைத் தொகையோ வேறு கூடுதல் தொகையோ இல்லாவிட்டால் யூனிவர்சல் கிரெடிட் பூச்சியம்.

மாரிமழை (#3)

மூன்று மாதம் பின்தேதியிட்டுக் கேட்கலாம் என்று சொல்கிறார்களே? அப்படிக் கேட்டு மே 2019க்குள் நுழைய முடியாதா?

கணக்குப்பிள்ளை (#4)

அது 2019 ஆகஸ்ட் 13 வரை திறந்திருந்த கதவு. அன்று வரை விண்ணப்பித்து மே 14க்குப் பின்தேதி கேட்டவர்கள் பழைய விதிக்குள் போனார்கள். மூன்று மாதப் பின்தேதி என்ற விதி இன்றும் உண்டு, ஆனால் அந்த மூன்று மாதமும் தகுதி இருந்திருக்க வேண்டும். இன்று அதை வைத்து 2019க்குப் போக முடியாது.

பனையோலை (#5)

பழைய பாதுகாப்பில் இருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால், உங்களுக்கு வேறு பாடம். 2019 மே 14 அன்று அதே துணையோடு பென்சன் கிரெடிட்டோ, ஓய்வூதிய வயதினருக்கான ஹவுசிங் பெனிபிட்டோ (வாடகை உதவி) வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே தொடரலாம். நிபந்தனை ஒன்றே: இரண்டில் ஏதாவது ஒன்றாவது ஒருநாளும் விடுபடாமல் ஓட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் அறுந்தால் திரும்ப வழியில்லை.

அறுவது எப்படி? பெரும்பாலும் பயணத்தால். பென்சன் கிரெடிட்டில் நான்கு வாரத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருக்க முடியாது. நெருங்கிய உறவினர் இறப்பு என்றால் எட்டு வாரம் வரை, சிகிச்சைக்கு என்றால் 26 வாரம் வரை நீட்டலாம். கவனிக்க வேண்டியது, புறப்படும்போதே எத்தனை நாள் என்று நினைத்துப் போகிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ ஆறு வாரத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டு "முதல் நான்கு வாரமாவது தாருங்கள்" என்றால் எடுபடாது, போன நாளிலேயே தகுதி நிற்கும். ஹவுசிங் பெனிபிட்டுக்கும் வெளிநாடு என்றால் நான்கு வாரம்தான். அதனால் ஒரே பயணத்தில் இரண்டும் சேர்ந்து போய்விடும். கோயில் திருவிழா, கல்யாணம், காணி விஷயம் என்று நீளும் பயணத்தை 27 நாளில் முடித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் மாற்றும் செலவு 200 பவுண் ஆனாலும் அது மலிவு.

இளையவருக்கு ஓவர்டைம் கிடைத்து வருமானம் வரம்பைத் தாண்டினாலும் இதே கதிதான். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு நிம்மதி, பென்சன் கிரெடிட் நின்றாலும் ஹவுசிங் பெனிபிட் கொஞ்சமாவது மிஞ்சக்கூடும். அந்தச் சில பவுண் உங்கள் நங்கூரம், "இவ்வளவுதானா" என்று விட்டுவிடாதீர்கள். சொந்த வீட்டுக்காரருக்கு அந்த நங்கூரம் இல்லை.

ஜாப் சென்டரிலோ வேறு எங்கோ யாராவது "யூனிவர்சல் கிரெடிட் போட்டுப் பாருங்கள்" என்றால், பாதுகாப்பில் இருப்பவர்கள் போட்டுப் பார்க்கக்கூடாது. அது பரிசோதனை அல்ல, பழையதை முடித்துவைக்கும் செயல்.

செங்காந்தள் (#6)

பனையோலை ஐயா சொன்னதோடு இதையும் சேர்க்கணும்: தனியாளாகப் பென்சன் கிரெடிட் வாங்குபவர் ஓய்வூதிய வயதுக்குக் கீழே உள்ள ஒருவரைத் திருமணம் செய்தால், அல்லது ஒரே வீட்டில் தம்பதியாக வாழத் தொடங்கினால், அன்றோடு முடிந்தது. எத்தனை வருடமாக வாங்கினார் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. பாதுகாப்பு "அதே தம்பதி"க்குத்தான்.

மாரிமழை (#7)

அப்படியானால் வேறு வேறு முகவரியில் இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் போயிற்று. இரண்டு தனியாள்.

செங்காந்தள் (#8)

எழுதிக் கொடுத்தால் போயிற்று இல்லை, எழுதிக் கொடுத்தால் வழக்கு. வங்கிக் கணக்கு, ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவு, கவுன்சில் டாக்ஸ் (உள்ளூராட்சி வீட்டு வரி), கார் இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒரே முகவரியைச் சொல்லும். கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள், அதன்மேல் தண்டனையும் வரும். உண்மையிலேயே பிரிந்தவர்களுக்கும், ஒருவர் நிரந்தரமாகக் கேர் ஹோமுக்குப் போன தம்பதிக்கும்தான் தனியாள் கணக்கு. அது வேறு விஷயம். இதை இங்கே மேலும் பேச வேண்டாம்.

நொச்சிவேலி (#9)

சரி, அந்த 57.96ஆவது வரட்டும் என்று யூனிவர்சல் கிரெடிட் போட்டுவிடலாம்தானே? இல்லாததற்கு இது மேல்.

செங்காந்தள் (#10)

பொறுங்கள் அண்ணா. முதலில் கவுன்சில் டாக்ஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள்.

இங்கிலாந்தில் கவுன்சில் டாக்ஸ் கழிவுக்கு இரண்டு திட்டம். ஓய்வூதிய வயதினருக்கு நாடு முழுக்க ஒரே விதி, 100 சதவீதம் வரை கழிவு. வேலை வயதினருக்கு ஒவ்வொரு கவுன்சிலும் தானே எழுதிய விதி, பல இடங்களில் எவ்வளவு ஏழையானாலும் ஒரு பங்கைக் கட்டியே ஆகணும். வயது வித்தியாசத் தம்பதி எந்தப் பக்கம்? மூத்தவர் வயதைத் தாண்டியிருந்தால் ஓய்வூதியத் திட்டம், ஆனால் இருவரில் யாருக்கும் யூனிவர்சல் கிரெடிட் வராத வரைக்கும்தான். அது வந்த நாளிலேயே வேலை வயதுத் திட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

இந்தக் கேள்வியின் தம்பதிக்கு வாரம் 131.57 மட்டுமே வருமானம், சேமிப்பு 4,000. ஓய்வூதியத் திட்டத்தில் முழுக் கழிவு கிடைக்கும். கவுன்சில் டாக்ஸ் மாதம் 150 என்று வையுங்கள். அவர்கள் கவுன்சிலின் வேலை வயதுத் திட்டம் 60 சதவீதம்தான் தரும் என்றால், யூனிவர்சல் கிரெடிட் வந்த பிறகு மாதம் 60 கட்டணும். வருவது 57.96, போவது 60. 80 சதவீதம் தரும் கவுன்சில் என்றால் 30 கட்டினால் போதும், 28 மிஞ்சும்.

ஆகவே வரிசை இது. முதலில் கவுன்சிலுக்கு ஓய்வூதிய வயதுக் கழிவுக்கு விண்ணப்பியுங்கள், பென்சன் கிரெடிட் மறுத்தாலும் இது தனி உரிமை. பிறகு உங்கள் கவுன்சிலின் வேலை வயதுத் திட்டத்தைப் படியுங்கள். அதன் பிறகுதான் யூனிவர்சல் கிரெடிட் முடிவு. தலைகீழாகச் செய்தால் யூனிவர்சல் கிரெடிட்டிலிருந்து விலகி வர வேண்டியிருக்கும். கணக்கு பூச்சியமாக வரும் தம்பதிக்குக் கேள்வியே இல்லை, கவுன்சில் கழிவு மட்டும் போதும்.

கணக்குப்பிள்ளை (#11)

கவுன்சில் டாக்ஸ் விஷயத்தில் அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் முடிவில் கொஞ்சம் மாறுபடுகிறேன். யூனிவர்சல் கிரெடிட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: மனைவியின் நேஷனல் இன்ஷூரன்ஸ் பதிவு.

தொகை எவ்வளவு சிறியதானாலும், அது ஓடும் காலத்துக்கு இளையவருக்கு என்ஐ (நேஷனல் இன்ஷூரன்ஸ்) கிரெடிட் தானாக விழும். ஒரு முழு வருடக் கிரெடிட் அவருடைய ஸ்டேட் பென்சனில் 35ல் ஒரு பங்கு, அதாவது 2025-26 விகிதத்தில் வாரம் 6.58. மனைவிக்கு 58 என்றால் அவருடைய ஓய்வூதிய வயது 67. ஒன்பது வருடம் ஓடினால் வாரம் ஏறக்குறைய 59. ஆனால் ஸ்டேட் பென்சன் பெறக் குறைந்தது 10 வருடப் பதிவு வேண்டும், எனவே ஏற்கெனவே ஒரு வருடமாவது இருக்கணும். முதலில் அரசுத் தளத்தில் அவருடைய பதிவைப் பாருங்கள். இதே கிரெடிட்டைக் கையிலிருந்து காசு கட்டி வாங்கினால் 2025-26ல் வாரம் 17.75, வருடத்துக்கு 923 பவுண். மாதம் 2 பவுண் நஷ்டத்துக்கு இது வருமென்றால் நான் யூனிவர்சல் கிரெடிட்டைத்தான் எடுக்கச் சொல்வேன்.

குளிர்காலத்தில் 150 பவுண் வார்ம் ஹோம் டிஸ்கவுண்டும் (மின்கட்டணக் கழிவு) சேரும். ஆனால் 75 வயதுக்கு மேல் கிடைக்கும் இலவச டிவி லைசென்ஸ் பென்சன் கிரெடிட்டோடு மட்டும்தான்.

செங்காந்தள் (#12)

பதிவுக் கணக்கு நல்ல கணக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மனைவிக்கு அது சும்மா வராது. கணவருக்கு வேலை நிபந்தனை எதுவும் கிடையாது, மனைவிக்கு உண்டு. 58 வயதில் ஜாப் சென்டருக்குப் போய், வாரம் 35 மணி நேரம் வரை வேலை தேடியதைக் காட்டணும். சந்திப்பைத் தவறவிட்டால் சாங்ஷன் (பணத்தில் வெட்டு). ஆங்கிலம் தடுமாறும் ஒருவருக்கு இது சின்ன விலை இல்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் சந்திப்புக்கு முன்பே ஆன்லைன் கணக்கிலுள்ள ஜர்னலில் எழுதிவையுங்கள்.

பனையோலை (#13)

இரண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தொடவில்லை. 68 வயதுக்காரருக்கு உடல்நிலை எப்படி? குளிக்க, உடுக்க, மருந்து எடுக்க ஆறு மாதமாக உதவி தேவைப்பட்டால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். வருமானம், சேமிப்பு எதுவும் பார்ப்பதில்லை. 2025-26ல் வாரம் 73.90 அல்லது 110.40. யூனிவர்சல் கிரெடிட்டில் இதை வருமானமாகவும் எடுக்கமாட்டார்கள்.

அது கிடைத்தால் மற்றக் கதவுகளும் திறக்கும். வாரம் 35 மணி நேரம் அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்குக் கேரர் எலிமென்ட் (பராமரிப்பாளருக்கான கூடுதல் தொகை) 2025-26ல் மாதம் 201.68, வேலை தேடும் நிபந்தனையும் விலகும். அப்போது கணக்கு 628.10 + 201.68 − 570.14 = 259.64. கணவருக்கு உயர் விகிதம் கிடைத்தால் அவர் வேலைக்கு இயலாதவர் என்றே எடுத்துக்கொண்டு இன்னொரு 423.27 (2025-26 தொகை) சேர்ப்பார்கள், மொத்தம் 682.91. ஆனால் இந்தக் கடைசித் தொகை 2026 ஏப்ரலிலிருந்து புதிதாக வரும் பெரும்பாலானோருக்கு ஏறக்குறைய பாதிதான். தகுதி இருப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

மனைவி கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பாளருக்கான தனி உதவித்தொகை, 2025-26ல் வாரம் 83.30) எடுத்தால் அதை யூனிவர்சல் கிரெடிட்டில் பவுணுக்குப் பவுண் கழிப்பார்கள். கேரர் எலிமென்ட்டுக்கு அலவன்ஸ் எடுத்தே ஆகணும் என்றில்லை. யூனிவர்சல் கிரெடிட் வேண்டாம் என்று முடிவெடுக்கும் குடும்பத்தில், வாரம் 20 மணி நேரம் பார்த்துக்கொண்டாலே கேரர்ஸ் கிரெடிட் என்ற தனி விண்ணப்பத்தால் என்ஐ பதிவை மட்டும் நிரப்பலாம். கணக்குப்பிள்ளையின் வாதத்துக்கு இது மாற்று வழி.

மாரிமழை (#14)

வாடகை வீட்டுக்காரர் கதை?

கணக்குப்பிள்ளை (#15)

வாடகை யூனிவர்சல் கிரெடிட்டுக்குள்ளேயே வரும். முழு பென்சன் 230.25, கவுன்சில் வீட்டு வாடகை மாதம் 900 என்றால்: 628.10 + 900 − 997.75 = 530.35. அதிலிருந்து 370 போட்டுத்தான் வாடகையை முடிக்கணும். பழைய விதியில் முழு வாடகையும் வந்து, மேலே வாரம் 116.35ம் கைக்கு வந்திருக்கும். வித்தியாசம் மாதம் 873.83.

அதோடு பெட்ரூம் டாக்ஸ். மூத்தவர் ஓய்வூதிய வயது என்பதால் ஹவுசிங் பெனிபிட்டில் இருந்த விலக்கு இங்கே கிடையாது. சமூக வீட்டில் ஒரு அறை கூடுதல் என்றால் வாடகையில் 14 சதவீதம் வெட்டு, இரண்டு என்றால் 25.

சேமிப்பும் பாருங்கள். பென்சன் கிரெடிட்டில் 10,000க்கு மேல்தான் கணக்கு, மேல்வரம்பு இல்லை. இங்கே 6,000லேயே வெட்டு தொடங்கி 16,000ல் கதவு மூடும். ஊரில் இருக்கும் காணியும் சேமிப்புக் கணக்கில் வரும், மறைக்காதீர்கள்.

வேலை செய்யும் இளையவருக்கு மட்டும் யூனிவர்சல் கிரெடிட் கொஞ்சம் இரக்கம் காட்டும். சம்பளத்தில் பவுணுக்கு 55 பென்ஸ்தான் கழிக்கும். பென்சன் கிரெடிட்டில் தம்பதிக்கு வாரம் 10 பவுண் விட்டு மீதி முழுதும் போகும். அரசு சொல்லும் நியாயமும் இதுதான், இளையவர் தன் வயதுக்காரர்களைப் போல வேலைச் சந்தையில் இருக்கணும் என்று. வேலை கிடைக்காத 63 வயதுக்காரருக்கு அந்த நியாயம் சோறு போடாது.

நொச்சிவேலி (#16)

இதே நிலையில் இன்னொரு தம்பதி, ஆனால் மனைவி ஸ்பவுஸ் விசாவில் வந்து மூன்று வருடம். "பொது நிதி கிடையாது" என்று விசாவில் இருக்கிறது. அவர்களுக்கு எதுவுமே இல்லையா?

செங்காந்தள் (#17)

விசித்திரமாக, அவர்களுக்குத்தான் பென்சன் கிரெடிட் உண்டு! குடிவரவுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட துணையை அந்த விதிகள் குடும்பத்தில் இல்லாதவராகவே கருதும். அதனால் கணவர் தனியாள், மிக்ஸ்டு ஏஜ் தடை பொருந்தாது. தனியாள் தொகை 2025-26ல் 227.10, அதில் 131.57 போக வாரம் 95.53. மனைவிக்கென்று எதுவும் சேராததால் அவருடைய விசா நிபந்தனையும் மீறப்படாது. விண்ணப்பத்தில் மனைவி வீட்டில் இருப்பதையும் விசா நிலையையும் ஒளிக்காமல் எழுதணும். தொலைபேசியில் பேசுபவர் "மனைவி ஓய்வூதிய வயதுக்குக் கீழ்" என்று கேட்டவுடனே மறுத்தால் எழுத்தில் முடிவு கேளுங்கள். கிடைத்த ஒரு மாதத்துக்குள் மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன் (முடிவை மறுபரிசீலிக்கக் கேட்பது) போடலாம்.

பொறி எங்கே என்றால் ஐஎல்ஆர் (நிரந்தர வதிவிட அனுமதி) கிடைக்கும் நாளில். அன்று மனைவி கட்டுப்பாட்டிலிருந்து வெளியே வருகிறார், அன்றே இருவரும் மிக்ஸ்டு ஏஜ் தம்பதி ஆகிறார்கள், பென்சன் கிரெடிட் நிற்கிறது. வாரம் 95.53 போய் மாதம் 57.96. கொண்டாட்டத்தில் யாரும் இதைத் தெரிவிப்பதில்லை. ஒரு வருடம் கழித்துக் கண்டுபிடித்தால் 4,900 பவுணுக்கு மேல் திருப்பிக் கட்டணும். ஐஎல்ஆர் கடிதம் வந்த வாரத்திலேயே பென்சன் சர்வீசுக்குச் சொல்லி, மேலே பேசிய கவுன்சில் டாக்ஸ் கணக்கைப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மாரிமழை (#18)

ஊருக்கே திரும்பிப் போய்விட்டால் ஸ்டேட் பென்சன் அங்கே ஏறாது என்கிறார்களே, அதையும்

மட்டுறுத்துநர் (#19)

உறைந்த பென்சனுக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போடவும்.

நொச்சிவேலி (#20)

முதல் தம்பதி யூனிவர்சல் கிரெடிட் போடுவதாக முடிவு. எங்கே பிழைக்கும்?

கணக்குப்பிள்ளை (#21)

இருவரும் தனித்தனி ஆன்லைன் கணக்குத் திறக்கணும். முதலில் திறப்பவருக்கு ஒரு இணைப்புக் குறியீடு வரும், அதை மற்றவர் தன் கணக்கில் போட்டால்தான் கூட்டு விண்ணப்பம் ஆகும். "எனக்கு 68, எனக்கு எதற்கு?" என்று கணவர் ஒதுங்கினால் விண்ணப்பம் அப்படியே நிற்கும். முதல் பணம் வர ஐந்து வாரம்.

முதல் ஸ்டேட்மெண்ட் வந்தவுடன் பென்சன் வரியைப் பாருங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை வங்கியில் விழும் தொகை 526.28, ஆனால் கழிக்க வேண்டியது 570.14. இரண்டும் ஒன்றாக இராது, அது தவறும் அல்ல. நான்கு வாரத் தொகையையே மாதத் தொகையாகக் கழித்திருந்தால்தான் தவறு. உங்களுக்கு லாபம் போலத் தெரியும், பின்னால் அதிகம் கொடுத்ததாகப் பிடிப்பார்கள். ஜர்னலில் எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.

பனையோலை (#22)

இளையவரின் ஓய்வூதிய வயதுத் தேதியையும் சுவரில் எழுதி வைக்கணும். 1960 ஏப்ரல் 6க்கு முன் பிறந்தவருக்கு 66. அன்றிலிருந்து 1961 மார்ச் 5 வரை பிறந்தவர்களுக்கு மாதம் மாதமாகக் கூடும். 1961 மார்ச் 6 முதல் 67. பழைய பழக்கத்தில் 66 என்று காத்திருந்து ஏமாறுகிறார்கள்.

அந்தத் தேதிக்கு நான்கு மாதம் முன்பிருந்தே பென்சன் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கலாம், 0800 99 1234 அல்லது ஆன்லைன். யூனிவர்சல் கிரெடிட் தானாக மாறாது, அந்த மதிப்பீட்டு மாதம் (தொகை கணக்கிடும் மாதம்) முடிந்ததும் நிற்கும். வாடகைக்காரர் அதே வாரத்தில் கவுன்சிலில் ஹவுசிங் பெனிபிட்டும் தனியாகப் போடணும். பலரும் மறப்பது இதைத்தான்.